எத்தனை நாள் தேடுவது?



போன தீபாவளி இரவு பி பிளாக் மணி காணாமல் போனது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். அதற்குப் பிறகு குடிவந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மணிக்கு அப்போது பதினான்கு வயது. கோம்பையும் இல்லை, ராஜபாளையமும் இல்லை. நம் தெருவிலேயே பிறந்து, தரைத்தளத்தில் இருக்கும் டீச்சரம்மா வீட்டில் வளர்ந்த நாட்டு நாய். ஒரு கண்ணில் புரை. காது கேட்காமல் போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. காது கேட்காத நாய் பட்டாசுக்கு எப்படிப் பயப்படும் என்று அன்றைக்கே சிலர் கேட்டார்கள். சத்தம் விழாவிட்டாலும் தரை அதிர்வதும் மருந்து நெடியும் அதற்குத் தெரியும். திங்கள் இரவு, வெடி வெடிக்க ஓடிய பிள்ளைகள் கதவைச் சாத்த மறந்தார்கள். மணி வெளியே போய்விட்டான்.

(நாயை 'அவன்' என்று எழுதுவது இலக்கணப்படி தவறு என்று போன இதழில் ஒருவர் எழுதியிருந்தார். மணி விஷயத்தில் மட்டும் என்னை மன்னித்துவிடுங்கள்.)

செவ்வாயும் புதனும் நாம் தேடினோம். இளைஞர்கள் பைக்கில் ரயில் நிலையம் வரை போனார்கள். டீக்கடை, மருந்துக்கடை என்று எல்லா இடத்திலும் நோட்டீஸ் ஒட்டினோம். மழை வேறு. புதன் இரவு அசோசியேஷன் அறையில் நனைந்த குடைகளோடு உட்கார்ந்திருந்தபோது நம்மில் ஒருவர் கேட்டார்: "சார், வயசான நாய். இன்னும் எத்தனை நாள்தான் தேடறது?" அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. களைப்பில் கேட்டார். அந்த நேரத்தில் எனக்குப் பதில் வரவில்லை. பிறகு, வேலையிலிருந்து ஓய்வு பெற்றவனுக்கு இருக்கும் நேரத்தை வைத்துக்கொண்டு, அதே கேள்வியை நமக்கு முன்னால் யார் யார் கேட்டிருக்கிறார்கள் என்று தேடிப் படித்தேன். படித்ததை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

அச்சில் வந்த 'காணவில்லை' அறிவிப்புகளில் பேர் பெற்ற ஒன்று ஓர் அரசருடையது. 1660-ல் நாடு திரும்பி அரியணை ஏறிய இங்கிலாந்தின் இரண்டாம் சார்லஸ், அதே ஆண்டின் நடுவில் தன் நாயைத் தொலைத்துவிட்டார். லண்டனில் வந்துகொண்டிருந்த 'மெர்க்யூரியஸ் பப்ளிகஸ்' என்ற செய்தித்தாளில் அறிவிப்பு வந்தது. அதுவும் இரண்டாம் முறையாக. முதல் அறிவிப்புக்குப் பலன் இல்லை போலிருக்கிறது. அதில் நாயின் அடையாளத்தை எப்படிச் சொல்லியிருக்கிறார்கள் பாருங்கள்: கறுப்பு நாய், கிரேஹவுண்டுக்கும் ஸ்பானியலுக்கும் இடைப்பட்ட உருவம், உடம்பில் வேறெங்கும் வெள்ளை கிடையாது, மார்பில் மட்டும் ஒரு வெள்ளைக் கீற்று, வால் கொஞ்சம் குட்டை. நாம் மணிக்கு ஒட்டிய நோட்டீஸில் "பழுப்பு நிற நாய், மிகவும் அன்பானவன், தயவுசெய்து உதவுங்கள்" என்று இருந்தது. எழுதியவன் நான்தான். சென்னையில் பழுப்பு நிற நாய்கள் எத்தனை ஆயிரம் இருக்கும் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. வலது கண்ணில் புரை, இடது முன்னங்கால் நுனி மட்டும் வெள்ளை, காது கேட்காது, கூப்பிட்டால் திரும்பாது என்று எழுதியிருக்க வேண்டும். முந்நூற்று அறுபது வருடத்துக்கு முந்தைய அரண்மனைக் குமாஸ்தா என்னைவிட நன்றாக எழுதியிருக்கிறார். அதே அறிவிப்பில் புலம்பலும் உண்டு: மன்னரிடம் கொள்ளையடிப்பதை இவர்கள் விடவே மாட்டார்களா, அவர் ஒரு நாய்கூட வைத்துக்கொள்ளக் கூடாதா என்று. நம் வாட்ஸ்அப் குழுவில் வரும் தொனிதான்.

அடையாளத்தைக் கழுத்திலேயே மாட்டிவிடும் பழக்கம் இதைவிடப் பழையது. ரோமில் உள்ள அருங்காட்சியகம் ஒன்றில், சுமார் ஆயிரத்து அறுநூறு வருடப் பழமையான இரும்புக் கழுத்துப் பட்டை ஒன்று இருக்கிறது. 'நான் ஓடிவந்துவிட்டேன், என்னைப் பிடித்து என் எஜமானரிடம் ஒப்படைத்தால் ஒரு பொற்காசு கிடைக்கும்' என்ற பொருளில் அதில் தொங்கும் தகட்டில் பொறித்திருக்கிறார்கள். நாய்க்கான பட்டை என்றுகூடச் சிலர் நினைத்ததுண்டு. அது நாயின் கழுத்தில் இருந்தது அல்ல. ஓர் அடிமை மனிதனின் கழுத்தில் இருந்தது. கழுத்துப் பட்டையின் வரலாற்றைப் படிக்கப் போய் இதில் முட்டிக்கொண்டபோது சிறிது நேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

நம் பக்கத்துக் கதை இதற்கு ஆறுதல். திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் ஏழாம் நூற்றாண்டு நடுகல் ஒன்று இருக்கிறது. மகேந்திரவர்ம பல்லவன் காலத்தது. மாடு பிடிக்க வந்தவர்களோடு சண்டையிட்டு இறந்த கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்கு எடுத்தது. கல்லில் வீரனின் காலடியில் ஒரு நாயும் நிற்கிறது. அதன் பெயர் கோவிவன். இரண்டு கள்ளர்களைக் கடித்துவிட்டு எஜமானனைக் காத்து நின்றது என்று கல்வெட்டு சொல்கிறது. ஆயிரத்து நானூறு வருடத்துக்கு முன்னால் ஒரு கிராமத்தார் தங்கள் நாயின் பெயரைக் கல்லில் வெட்டி வைத்தார்கள். நம் நூற்றிருபது வீட்டில் எத்தனை நாய் இருக்கிறது, எத்தனை பூனை இருக்கிறது, எதற்கு என்ன பெயர் என்று எழுதிய ஒரு காகிதம்கூடப் போன தீபாவளியன்று நம் ஆபீஸில் இல்லை.

இனி 'எத்தனை நாள்' என்ற கேள்விக்கு வருகிறேன். அது நம் நாட்டில் ரத்தக்களரியாகவே எழுந்திருக்கிறது. 1832 ஜூன் மாதம், பம்பாய். கம்பெனி ஆட்சி தெருநாய்களைக் கொல்ல உத்தரவிட்டது. கொல்லும் ஒவ்வொரு நாய்க்கும் கூலி உண்டு. தலைக்கு இவ்வளவு என்று கூலி வைத்தால் என்ன நடக்குமோ அதுதான் நடந்தது. தெருவில் திரிந்தவை போதாமல், வீட்டு நாய்களுக்கும் ஆபத்து வந்தது. பார்சி மக்களின் சமயத்தில் நாய்க்குத் தனி இடம் உண்டு. கோட்டைப் பகுதியில் அவர்கள் திரண்டு நாய் பிடிப்பவர்களைத் தாக்கினார்கள். மறுநாள் கடைகள் அடைக்கப்பட்டன; கொலாபாவில் இருந்த சிப்பாய்களுக்குப் போக வேண்டிய ரொட்டியும் தண்ணீரும்கூடத் தடைபட்டன. வரலாற்றில் அதற்கு 'பம்பாய் நாய்க் கலவரம்' என்றே பெயர்.

கலவரம் அடங்கியதும் நடந்ததுதான் நமக்கு முக்கியம். இரண்டு வருடம் கழித்து, 1834-ல், பின்னாளில் சர் பட்டம் பெற்ற ஜம்ஷெட்ஜி ஜீஜீபாயும் ஜைன வணிகர் மோதிஷா சேட்டும் முன்னின்று புலேஷ்வரில் ஒரு பிஞ்சராபோலை ஏற்படுத்தினார்கள். பிஞ்சராபோல் என்பது குஜராத்தில் நெடுங்காலமாக இருந்துவரும் ஏற்பாடு: யாருக்கும் வேண்டாத, வயதான, நொண்டியான உயிரினங்களைக் கடைசிவரை வைத்துச் சோறு போடும் இடம். பம்பாய்ப் பிஞ்சராபோல் இன்றும் இருக்கிறது. அங்கே 'எத்தனை நாள்' என்ற கேள்விக்கே இடமில்லை. உள்ளே வந்த உயிர் இருக்கும்வரை இருக்கும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: இது யாருடைய நாய், அவர் எங்கே தேடிக்கொண்டிருக்கிறார் என்று கண்டுபிடிப்பது பிஞ்சராபோலின் வேலை அல்ல. காப்பது உண்டு, கண்டுபிடித்துச் சேர்ப்பது இல்லை.

லண்டனில் கதை இதற்கு நேர்மாறாகப் போனது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் அங்கே நாய் திருட்டு ஒரு தொழில். பணக்கார வீட்டு நாயைத் தூக்கிக்கொண்டு போய், ஆள் அனுப்பிப் பேரம் பேசி, பணம் வாங்கிக்கொண்டு திருப்பித் தருவார்கள். கவிஞர் எலிசபெத் பாரெட்டின் ஃப்ளஷ் என்ற ஸ்பானியல் இப்படி மூன்று முறை திருடு போனது. 1845-ல் நாய் திருட்டுக்கென்றே பிரிட்டிஷ் நாடாளுமன்றம் தனிச் சட்டம் போட்டது. அடுத்த வருடமே ஃப்ளஷ் மூன்றாம் முறையாகத் திருடப்பட்டது. வீட்டை விட்டு அதிகம் வெளியே வராத நோயாளிப் பெண் அவர். அப்பா பணம் தர மறுத்தார். காதலர் ராபர்ட் பிரௌனிங்கும் திருடனுக்குப் பணிவது தவறு என்று கடிதம் எழுதினார். எலிசபெத் வாடகை வண்டி பிடித்துக் கிழக்கு லண்டன் சந்துக்கு நேரில் போய்ப் பேசினார். நாய் திரும்பி வந்தது. கொள்கையில் பிரௌனிங் சொன்னது சரியாகவே இருக்கலாம். நாய் தொலைந்த வீட்டில் கொள்கை பேசுவது சுலபமில்லை.

பணம் இருந்தவர்களின் கதை இது. பணம் இல்லாத வீட்டு நாய், அல்லது கிழடாகிப் போனதால் யாருமே திருட விரும்பாத நாய் தொலைந்தால்? அது தெருவில் பட்டினி கிடந்து சாகும், அவ்வளவுதான். 1860-ல் மேரி டீல்பி என்ற பெண்மணி, சிநேகிதி தெருவிலிருந்து எடுத்துவந்த பட்டினி நாய் ஒன்றைப் பராமரித்துப் பார்த்தார். அது பிழைக்கவில்லை. அந்த ஆண்டே வடக்கு லண்டனின் ஹாலோவேயில், பயன்படாமல் கிடந்த ஒரு லாயத்தில், தொலைந்த நாய்களுக்கும் பட்டினி நாய்களுக்கும் ஒரு தற்காலிக இல்லம் தொடங்கினார். 'டைம்ஸ்' நாளிதழ் கேலி செய்தது: மனிதர்களுக்கே வீடில்லாத ஊரில் நாய்க்கு வீடா என்று. இந்தக் கேள்வியும் நமக்குப் பழக்கமானதுதான்; நம் பொதுக்குழுவில் போன வருடம்கூடக் கேட்டது. 1862-ல் சார்லஸ் டிக்கன்ஸ் நடத்திய பத்திரிகையில் வந்த ஒரு கட்டுரை கேலிக்கு முற்றுப்புள்ளி வைத்தது. இஸ்லிங்டனில் நடந்த ஆடம்பர நாய்க் கண்காட்சியையும், அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் இருந்த இந்த எளிய இல்லத்தையும் அருகருகே வைத்து எழுதப்பட்ட கட்டுரை. டீல்பி அம்மையார் 1865-ல் இறந்துவிட்டார். இல்லம் 1871-ல் தேம்ஸின் தென்கரைக்கு இடம் மாறியது. இன்று உலகம் முழுவதும் தெரிந்த பாட்டர்சி இல்லம் அதுதான்.

இங்கேதான் நாள் கணக்கு வருகிறது. 1867-ல் லண்டன் தெருக்களுக்கென்று ஒரு சட்டம் வந்தது. யாரும் உடன் இல்லாமல் தெருவில் திரியும் நாயைப் போலீஸ் பிடிக்கலாம். கழுத்துப் பட்டையில் விலாசம் இருந்தால் உரிமையாளருக்குத் தபால் போட வேண்டும். மூன்று முழு நாள் வைத்திருக்க வேண்டும். அதற்குள் யாரும் வராவிட்டால் விற்கலாம், அல்லது கொன்றுவிடலாம்.

மூன்று நாள். அந்தக் காலத்துக்கு அது ஒரு பெரிய சலுகை என்பதை மறந்துவிடாதீர்கள். அதற்கு முன்னால் ஒரு நாளுக்குக்கூட உத்தரவாதம் இல்லை. ஆனால் விற்கலாம் அல்லது கொல்லலாம் என்ற அந்த வாக்கியத்தில் இளம் நாய்க்கும் கிழ நாய்க்கும் இடையே உள்ள வித்தியாசம் ஒளிந்திருக்கிறது. குட்டியையும் நல்ல சாதி நாயையும் யாராவது வாங்கிக்கொள்வார்கள். கண் மங்கி, பல் தேய்ந்த நாயை யார் வாங்குவார்? அதற்கு மூன்றாம் நாள் என்றால் மூன்றாம் நாள்தான். பாட்டர்சியிலேயே 1884-ல், பெஞ்சமின் வார்டு ரிச்சர்ட்சன் என்ற மருத்துவர் வடிவமைத்த வாயு அறை ஒன்று வந்தது. வலியில்லாமல் கொல்வதற்கு. கருணையோடு செய்ததுதான், சந்தேகமில்லை. யாரும் கேட்டு வராதவை அதற்குள் போயின. 1906-ல் வந்த நாய்ச் சட்டம் மூன்று நாளை ஏழு நாளாக்கியது. பிடிபட்ட நாய்களுக்குப் போலீஸ் ஒரு பதிவேடு வைக்க வேண்டும் என்றும் சொன்னது.

லண்டனில் கண்டுபிடித்துச் சேர்க்க ஏற்பாடு உண்டு, நாள் முடிந்தால் காப்பு இல்லை. பம்பாயில் காப்பு உண்டு, கண்டுபிடித்துச் சேர்க்க ஏற்பாடு இல்லை. வயதான செல்லப்பிராணிக்கு இரண்டுமே வேண்டும். அது இரண்டுக்கும் நடுவில் விழுந்துவிடுகிறது.

சென்னைக்கு வருவோம். பேசின் பிரிட்ஜ் பக்கம் மாநகராட்சியின் நாய்ப் பட்டி இருந்தது நம் அசோசியேஷனின் மூத்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். நாய் வண்டி வரும், சுருக்குக் கம்பி போட்டுப் பிடிப்பார்கள், பட்டியில் கொல்வார்கள். என் சிறு வயதில், வண்டி வருகிறது என்று தெரு முனையில் குரல் கேட்டாலே எங்கள் பாட்டி நாயை இழுத்து உள்ளே விட்டுக் கதவைச் சாத்துவார். வீட்டு நாய், தெரு நாய் என்று வண்டிக்குப் பேதம் தெரியாது. வேகமாக ஓட முடியாத கிழ நாய்தான் சுருக்கில் முதலில் சிக்கும்.

1959-ல் இங்கே புளூ கிராஸைத் தொடங்கியவர் கேப்டன் வி. சுந்தரம், ஒரு விமானி. 1964 முதலே அந்த அமைப்பு மாநகராட்சியிடம் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்லிவந்தது: கொல்லாதீர்கள், கருத்தடை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே திரும்ப விடுங்கள் என்று. மாநகராட்சி ஏற்க முப்பது வருடத்துக்கு மேல் ஆனது. 1996-ல்தான் சென்னை கொல்வதை நிறுத்தி இந்த முறைக்கு மாறியது. 2001-ல் அதுவே நாடு முழுவதற்குமான விதியானது. 2023-ல் புதிய விதிகள் வந்தன. தெருநாய் விவாதத்துக்குள் நான் போகவில்லை. நம் வாட்ஸ்அப் குழுவில் அது தேவைக்கு மேலேயே நடக்கிறது. நான் சொல்ல வருவது வேறு: 'பிடித்த இடத்திலேயே திரும்ப விடுவது' என்ற விதி, தொலைந்துபோன வீட்டு நாய்க்கும் யாரும் எதிர்பாராத ஒரு நன்மையைச் செய்தது. தவறிப் பிடிபட்ட கிழ நாயும் இப்போது உயிரோடு அதே தெருவுக்குத் திரும்பி வர வாய்ப்பு உண்டு.

இன்னொரு சட்டத்தையும் சொல்ல வேண்டும். ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்து, பிறகு அரசே ஏற்று 1960-ல் நிறைவேற்றிய மிருகவதைத் தடைச் சட்டம். பசியாலும் தாகத்தாலும் வாடும்படி ஒரு பிராணியைக் கைவிடுவது அதன்படி குற்றம். முதல் குற்றத்துக்கு அபராதம் பத்து ரூபாய் முதல் ஐம்பது ரூபாய் வரை. 1960-ல் ஐம்பது ரூபாய் பெரிய தொகை. இன்று நம் வாசலில் பார்க்கிங் கட்டணம்கூட அதற்கு மேல். வயதான நாயை ஊருக்கு வெளியே கொண்டுபோய் இறக்கிவிட்டு வருபவர்கள் இருக்கிறார்கள். அவர்களால் வரும் கெடுதல் ஒரு நாயோடு நிற்பதில்லை. தெருவில் தளர்ந்து நிற்கும் கிழ நாயைப் பார்த்தால் 'யாரோ விட்டுட்டுப் போயிட்டாங்க' என்று எல்லோரும் முடிவு கட்டிவிடுகிறோம். 'யாரோ தேடிக்கொண்டிருப்பார்கள்' என்று நமக்குத் தோன்றுவதில்லை.

தேடியவர்களின் கதையில் என்னை அதிகம் பாதித்தது அமெரிக்காவில் நடந்தது. 1965 ஜூன், பென்சில்வேனியா மாநிலத்தின் ஒரு பண்ணை வீடு. பெப்பர் என்ற டால்மேஷன் நாய் இரவில் வெளியே போனது, திரும்பவில்லை. சில நாளில் செய்தித்தாளில் ஒரு படம்: லாரியில் நாய்களை அளவுக்கு மீறி அடைத்துவந்த வியாபாரி ஒருவர் பிடிபட்ட செய்தி. படத்தில் இருந்தது பெப்பர்தான் என்று வீட்டாருக்குத் தோன்றியது. விசாரித்துக்கொண்டே நியூயார்க் மாநிலத்தில் ஒரு நாய் வியாபாரியின் பண்ணை வரை போனார்கள். உள்ளே விடவில்லை. ஜோசப் ரெஸ்னிக் என்ற நாடாளுமன்ற உறுப்பினர் பேசிப் பார்த்தார். அவருக்கும் அதே பதில்தான். அதற்குள் பெப்பர் நியூயார்க் நகரத்து மருத்துவமனை ஒன்றுக்கு விற்கப்பட்டு, இதயத்துக்கான பேஸ்மேக்கர் சோதனையில் இறந்து, எரிக்கப்பட்டும் விட்டது. இழந்தவர்களுக்குச் சாம்பல்கூடக் கிடைக்கவில்லை.

ரெஸ்னிக் அடுத்த மாதமே மசோதா கொண்டுவந்தார். அந்த ஆண்டு நவம்பரில் 'ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட்' பத்திரிகை பெப்பரின் கதையை எழுதியது. 1966 பிப்ரவரியில் 'லைஃப்' பத்திரிகை நாய் வியாபாரிகளின் கொட்டகைகளைப் படம் பிடித்துப் போட்டது. 1966 ஆகஸ்ட் 24-ல் ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் கையெழுத்திட்டார். அமெரிக்காவின் பிராணி நலச் சட்டம் பிறந்தது இப்படித்தான். ஒரு வியாபாரி கையில் கிடைத்த நாயையோ பூனையையோ ஐந்து வேலை நாள் வைத்திருந்த பிறகுதான் விற்கலாம் என்று அது சொல்கிறது. தேடி வருபவர் வந்து சேர அவகாசம் வேண்டுமே, அதற்கு. லண்டனில் மூன்று, பிறகு ஏழு, அமெரிக்காவில் ஐந்து. ஒவ்வொரு எண்ணுக்கும் பின்னால் யாரோ ஒருவருடைய நாய் இருக்கிறது.

நாள்களைக் கூட்டிவிட்டால் மட்டும் போதுமா? வயதான பிராணிக்குப் போதாது. அது ஏன் என்று விஞ்ஞானம் கண்டுகொண்டதே அண்மையில்தான். இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை, கிழ நாய் மூலையில் போய் நின்று சுவரைப் பார்த்தால் 'வயசாயிடுச்சு' என்று விட்டுவிடுவார்கள். 1990-களில்தான் இது மனிதர்களின் மறதி நோயை ஒத்த ஒரு மூளைக் கோளாறு என்று கால்நடை மருத்துவர்கள் தனிப் பெயர் வைத்தார்கள். 1998-ல் அமெரிக்காவில் அதற்கென்றே ஒரு மாத்திரைக்கு அனுமதி கிடைத்தது. 2001-ல் கலிஃபோர்னியாவில் வெளியான ஆய்வு ஒன்றில், பதினொன்று, பன்னிரண்டு வயது நாய்களில் 28 சதவீதத்துக்கும், பதினைந்து, பதினாறு வயது நாய்களில் 68 சதவீதத்துக்கும் இதன் அறிகுறி ஏதாவது ஒன்றாவது இருந்தது. கதவின் திறக்கும் பக்கத்தை மறந்து கீல் பக்கம் போய் நிற்பது, மேசைக்குப் பின்னால் போய்விட்டுப் பின்வாங்கி வரத் தெரியாமல் அங்கேயே நிற்பது, பழகிய ஆளைத் தெரியாததுபோல் பார்ப்பது. உங்கள் வீட்டில் பத்து வயது தாண்டிய நாயோ பூனையோ இருந்தால் இதில் ஒன்றையாவது பார்த்திருப்பீர்கள்.

இதை முன்பே படித்திருந்தால் மணியை நாங்கள் வேறு விதமாகத் தேடியிருப்போம். இளம் நாய் ஓடும். ஓடினால் மைல் கணக்கில் போகும். கிழ நாய் பெரும்பாலும் கிட்டத்திலேயே ஏதாவது ஒரு மூலையில் நுழைந்து, திரும்பி வரத் தெரியாமல் மாட்டிக்கொள்ளும். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் கேட்காது. கேட்டாலும் பயத்தில் குரல் கொடுக்காது. அதைத் தேட பைக் வேண்டாம். டார்ச் விளக்கும், முட்டி போட்டுக் குனியத் தெம்புள்ள இரண்டு பேரும், அது படுக்கும் பழைய போர்வையும் போதும்.

மைக்ரோசிப் பற்றி நிறையப் பேர் கேட்கிறீர்கள். 2025 இறுதியில் சென்னை மாநகராட்சி வளர்ப்பு நாய்களுக்கு உரிமத்தோடு அதையும் கட்டாயமாக்கிவிட்டது. அரிசி மணி அளவில் தோலுக்கு அடியில் போடுவது. பேட்டரி கிடையாது. நாய் எங்கே இருக்கிறது என்று அது காட்டாது. கருவியை மேலே வைத்தால் பதினைந்து இலக்க எண் ஒன்றைச் சொல்லும், அவ்வளவுதான். அந்த எண்ணுக்கும் ஒரு சரித்திரம் உண்டு. ஆரம்பத்தில் ஒவ்வொரு கம்பெனி சிப்பும் ஒவ்வொரு விதம். ஒன்றின் கருவி மற்றொன்றைப் படிக்காது. 1996-ல் சர்வதேசத் தரம் வந்த பிறகும் அமெரிக்காவில் இந்தக் குழப்பம் நீடித்தது. 2004-ல் வர்ஜீனியாவில், சிப் இருந்த ஒரு நாயைக் காப்பகத்தின் கருவி படிக்காததால் யாருக்கும் சொந்தமில்லாதது என்று நினைத்துக் கொன்றுவிட்டார்கள். இங்கிலாந்தில் 2016 முதல் எல்லா நாய்க்கும் சிப் கட்டாயம். அங்கேயும் காப்பகங்கள் சொல்லும் குறை ஒன்றுதான்: எண் இருக்கிறது, ஆனால் எண்ணோடு பதிந்த தொலைபேசி பழையது. பத்து வருடத்துக்கு முன்னால் குட்டிக்குப் போட்ட சிப்பில் அப்போதைய வீட்டு விலாசம் இருக்கும். நாய்க்கு வயதாவதுபோல் விலாசத்துக்கும் வயதாகும். உங்கள் நாயின் சிப் எண்ணோடு பதிந்த கைப்பேசி எண் இன்னும் உங்களிடம் இருக்கிறதா என்று இந்த வாரமே பார்த்துவிடுங்கள்.

மணிக்குச் சிப் கிடையாது. வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு அவனைக் கண்டுபிடித்தவர் நம் ஹவுஸ்கீப்பிங் அக்கா. சி பிளாக் பேஸ்மென்டில், கவர் போட்டு இரண்டு மாதமாக எடுக்காமல் நிற்கும் காருக்கும் சுவருக்கும் நடுவில் பெருக்கும்போது துடைப்பம் எதிலோ இடித்தது. மணி நின்றுகொண்டிருந்தான், சுவரைப் பார்த்தபடி. வீட்டிலிருந்து நாற்பது மீட்டர் இருக்காது. நாங்கள் ரயில் நிலையம் வரை தேடியபோதெல்லாம் அவன் தலைக்கு மேல்தான் நடந்திருக்கிறோம். அக்கா கூச்சல் போடவில்லை, பிடிக்கவும் போகவில்லை. தன் முந்தானையை அவன் மூக்கருகே நீட்டிவிட்டு, டீச்சரம்மாவை அழைத்துவர ஆள் அனுப்பினார். திங்கள் இரவு தொலைந்தவன். செவ்வாய், புதன், வியாழன் என்று எண்ணிப் பார்த்தால், 1867-ன் லண்டன் கணக்கில் அவனுடைய மூன்று நாள் அன்றோடு முடிந்துவிட்டது.

உடம்பில் நீர் வற்றிப்போயிருந்தது. இரண்டு நாள் டிரிப்ஸ் ஏற்றினார்கள். அதன் பிறகு ஐந்து மாதம் இருந்தான். பங்குனியில் ஒரு மதியம், டீச்சரம்மா வீட்டு வாசல் மிதியடியில் படுத்தபடி போய்ச் சேர்ந்தான்.

செக்யூரிட்டி மேசையின் இரண்டாவது இழுப்பறையில் நீல அட்டை போட்ட நோட்டு ஒன்று வைத்திருக்கிறோம். பெயர், வயது, இடது பக்கமும் வலது பக்கமும் எடுத்த போட்டோ, உடம்பில் உள்ள குறி, கண் காது எப்படி, என்ன மருந்து, சிப் எண், பகலில் எடுக்கும் கைப்பேசி எண், வழக்கமாகப் போய் ஒளியும் இடம். இதுவரை பதினோரு வீட்டார் எழுதியிருக்கிறீர்கள். ஏ பிளாக் நான்காம் மாடிப் பூனைக்குப் பதினாறு வயது. அதன் பக்கம் இன்னும் காலியாக இருக்கிறது.